இருபத்துநாலு லட்சம் லிட்டர்

கணினிக்குள் மழையைப் பெய்யவைத்து, அந்தத் தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லும் வித்தை தெரிந்தவர் ஜெயசீலி. வயது முப்பத்தெட்டு. அவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தவருக்கு வயது ஐம்பத்துநாலு. நகராட்சிப் பொறியாளர், பெயர் பரமகுரு. பெயரில் இருந்த குருவால் அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. ஜெயசீலியை அவர் மேடம் என்பார், ஜெயசீலி அவரை சார் என்பார். குரு, சீடர் என்று இருவரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு செப்டம்பர் காலை பரமகுரு கோபமாக வந்தார். கையில் ஊரின் வெள்ளத் தடுப்பு அறிக்கை. மூன்று ஸ்பாஞ்ச் பூங்காக்கள் அதில் இருந்தன. மழைத்தண்ணீர் இறங்கி ஊறட்டும் என்று தாழ்வாகத் தோண்டிச் செடி வைத்த பூங்காக்கள் அவை. அறிக்கைப்படி, பேய்மழை பெய்தாலும் பஸ் ஸ்டாண்டு சாலையில் தண்ணீர் நிற்காது. கணக்கைச் சரிபார்த்து ஜெயசீலி கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே மேலிடத்துக்குப் போய்விடும்.

கோபம் கிளியம்மாள் நகர்மேல். அங்கே நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்திருந்தார்கள். அஸ்திவாரத்துக்கு ஜாக்கி கொடுத்து வீடுகளை மூன்றடி தூக்கவும், மனையில் மண் கொட்டி மேடாக்கவும் அனுமதி கேட்டிருந்தார்கள். அது தண்ணீர் தேங்கும் பகுதி, மேடாக்கினால் கணக்கே குலைந்துபோகும், ஆகவே மனுவை நிராகரிக்கலாம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரமகுரு எழுதியிருந்தார்.

“கணக்கு சரியாத்தான் வருது மேடம். ஜனங்கதான் கெடுக்கிறாங்க. நான் எதை மாத்துறது? கணக்கையா, ஜனங்களையா?”

ஜெயசீலி அறிக்கையைப் புரட்டினார். ஒரு அட்டவணையில் அவர் விரல் நின்றது. கிளியம்மாள் நகருக்கு நேரே ‘இயற்கைத் தேக்கம், இருபத்துநாலு லட்சம் லிட்டர்’ என்று போட்டிருந்தது.

“இது யார் வெட்டின குளம் சார்?”

யாரும் வெட்டவில்லை, பள்ளம், தானாகத் தேங்குகிறது என்றார் பரமகுரு.

“அந்தக் குளத்த ஒருதடவை அளந்துட்டு வாங்க. ஆழம் எவ்வளவு, எத்தனை நாள்ல வடியுது. வந்து சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த அளவு கணினியிலேயே இருக்கிறது. முப்பது வருட சர்வீஸ்காரரை அளவுகோலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு அனுப்புகிறாரே என்று பரமகுருவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனார்.

கிளியம்மாள் நகரில் ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அந்த வீடுகளை யாரும் பள்ளத்தில் கட்டவில்லை. கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் போனார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட வேண்டும் என்பது விதி. இங்கே சுரண்டவே இல்லை. பழசின் மேலேயே ஜல்லியும் தாருமாக இருபது வருடத்தில் ஏழு முறை போட்டார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, ரோடு தலைக்குமேல் வளர்ந்துவிட்டது. ஏழில் இரண்டு, பரமகுரு கூட நின்று போடவைத்தவை. இதற்குத்தான் அறிக்கையில் இயற்கை என்று பெயர்.

முதல் வீடு தமயந்தியுடையது. வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மிஷின் ஒரு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, மழைக்காலம் நெருங்கிவிட்டதால் இப்போதே ஏற்றிவிட்டாளாம். அனுமதி கொடுக்கத்தான் பார்வையிட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் போன வருடத்துத் தண்ணீரின் கோடு இருந்தது. பரமகுரு அளவுகோலை வைத்தார். இரண்டடி இரண்டு அங்குலம். அவருடைய கணக்கிலும் கிட்டத்தட்ட அதேதான். சரியாக வந்ததற்காக அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

எத்தனை நாளில் வடிந்தது என்று கேட்டார். கணினியில் அவர் போட்டிருந்தது ஒன்றரை நாள்.

“ஒம்பது நாள் சார். வாசல் வழியா வர்றதுக்கு முன்னாடி கக்கூஸ் வழியாத்தான் ஏறும். மாமனார கட்டிலோட தூக்கி மேசை மேல வச்சோம். அவரு அங்கேயே கெடந்தாரு, ஒம்பது நாளும்.”

பெரியவர் உள்ளறையில் இருமுவது கேட்டது. அவர் இன்னொரு ஐப்பசியைத் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தமயந்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அடைமழைக்கு முன்னாடி தூக்கிரணும் சார். ஆர்டர் வந்துரும்ல?”

பார்க்கலாம் என்றார் பரமகுரு. முப்பது வருட சர்வீஸில் அவர் அதிகமாகச் சொன்ன சொல் அது. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு காபி போடப் போனாள். அவரால் அங்கே உட்கார முடியவில்லை.

திரும்பி வந்தவர் அளவுகளை ஒப்பித்தார். ஜெயசீலி தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். மூன்று பூங்காக்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மழையைப் பெய்யவைக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு சாலையில் இரண்டு விரல்கடை தண்ணீர் நின்றது. அடுத்து, பூங்காக்களைத் திரும்ப வைத்துவிட்டு, நாற்பத்துமூன்று வீடுகளையும் மூன்றடி தூக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு சாலையில் முழங்கால் அளவு நின்றது. பரமகுரு நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினார். முழங்கால்தான்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பூங்காக்களுக்குக் கல்வெட்டு வைத்தாகிவிட்டது, திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. வெள்ளத்தைத் தாங்கியதெல்லாம் தமயந்தியின் அடுப்படி.

“அப்ப பூங்கா எல்லாம் வீணா மேடம்?”

“பூங்கா நல்லதுதான். ரெண்டு விரல்கடைக்கு வேலை பாக்குது. ரெண்டு விரல்கடைன்னே எழுதுங்க.”

பரமகுருவுக்கு அடங்கியிருந்த கோபம் மறுபடி ஏறியது. அந்தச் சாலையில்தான் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, ஊரே அதில்தான் நடக்கிறது, யாராவது ஒருத்தர் தாங்கித்தானே ஆக வேண்டும் என்று பொரிந்தார். கிளியம்மாள் நகர்க்காரர்கள் பாவம்தான், ஆனால் அவர்கள் பழகிவிட்டார்கள் என்றார்.

ஜெயசீலியின் முகம் சிவந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தி அதுவரை பரமகுரு கேட்டதில்லை.

“பழகிட்டோம்னு உங்ககிட்ட யார் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. ஆர்டர் வந்துவிடுமா என்றுதான் கேட்டார்கள். பரமகுரு அறிக்கையின் கடைசிப் பக்கத்தை உருவி நாலாகக் கிழித்தார். மனுவின் ஓரத்தில் ‘அனுமதிக்கலாம்’ என்று எழுதித் தேதி போட்டார். அடுத்த மாதம் ஊரே தன்னைத்தான் திட்டும் என்று அவருக்குத் தெரியும்.

“தூக்கட்டும் மேடம். தூக்கிட்டா, இந்த இருபத்துநாலு லட்சம் லிட்டர நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? அதையும் நீங்களே சொல்லிருங்க.”

ஜெயசீலி அட்டவணையில் ‘இயற்கைத் தேக்கம்’ என்ற சொற்களைப் பேனாவால் அடித்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார்.

“இதுவரைக்கும் எங்க வச்சிருந்தீங்கன்னு மொதல்ல இதுல எழுதுங்க சார். யார் வீட்டு அடுப்படியில எவ்வளவு, யார் கட்டிலுக்கடியில எவ்வளவு, கதவு நம்பரோட. அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன். இனிமே எங்க வைக்கிறதுங்கிற கேள்விய நீங்க கேக்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டு ரோடு கேக்கட்டும்.”