நூறு வாசல் கச்சேரியும் ஒரு வாசல் கோயிலும்

மணற்குடி ராஜா விசயராகவருக்கு வயிற்றெரிச்சல். ராஜ்ய அலுவல் பார்க்க ஏழு வருஷம் ஆள்வைத்துக் கட்டிய அவருடைய புதுக் கச்சேரி ஜம்மென்றுதான் நின்றது. நாற்பது கருங்கல் தூண், நூறு வாசல், வாசலுக்கு ஒரு சேவகன். ஆனால் வெளியூர்க்காரன் எவனும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடற்கரையில் இருக்கிற பழைய மாதா கோயிலைத்தான் வாயைப் பிளந்து பார்த்தான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? கடற்பாறைச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வளைவு வைத்த ஒரே வாசல், மேலே மணிக்கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் மீன்பிடிப் படகுகள் கரை சேரும்.

கச்சேரியைக் கட்டிய அதிகாரி சொக்கேசன், கோபுரத்தில் பத்து முழத்தை இடித்துவிடலாம் என்று ராஜாவின் காதில் ஓதினான். அதோடு விடவில்லை. எது பெரியது என்று சபை விகடகவி குழைக்காதனே அளந்து சொல்லட்டும் என்றும் கோத்துவிட்டான். சபையிலேயே குழைக்காதனுக்குத்தான் வாய் நீளம். சொக்கேசனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ராஜா உத்தரவு போட்டார். கோயில் பெரியது என்றால் கோபுரத்துக்கு இடி. பொய் சொன்னால் குழைக்காதனுக்கு நாடு கிடையாது.

கோபுரம் கச்சேரியைவிட ஒன்பது முழம் கூடுதல் என்பது குருடனுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் படகுக்காரன் பிழைப்பு போகும், பொய் சொன்னால் தன் பிழைப்பு போகும். வசமாக மாட்டிக்கொண்டோம் என்று குழைக்காதனுக்குப் புரிந்தது.

கோயிலுக்குப் போனான். மீன்காரி சவேரியம்மா கூடையும் கையுமாக நேரே உள்ளே நடந்துவந்து பீடத்தின் முன்னால் முழங்காலிட்டாள். யாரும் தடுக்கவில்லை. எழுந்தவளிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டான்.

"வலை காயப்போடுற இடத்தை அடைச்சு கச்சேரி மதிலைக் கட்டிட்டாங்க ஐயா. ராஜாகிட்ட சொல்லணும்னு எட்டு மாசமா நடக்கேன். ஒரு வாசல்ல போனா அடுத்த வாசலுக்குப் போங்கான். அங்க போனா நாளைக்கு வாங்கான்."

குழைக்காதன் முகம் மலர்ந்துவிட்டது. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை தானும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் சபையில் சொக்கேசன் அளவுக்கயிற்றோடு தயாராக நின்றான். ராஜா கேட்டார். "அளந்தாயா? எது பெரியது?"

"கச்சேரிதான் மகாராஜா."

சொக்கேசன் சிரித்தான். "பொய். கயிறு இதோ இருக்கிறது."

"நம் நாட்டில் எதைக் கயிற்றால் அளக்கிறோம்? சந்தை கால் நாழிகை நடை, பக்கத்து ஊர் அரை நாள் நடை. மகாராஜாவின் எல்லைக் கல்லிலேயே மூன்று நாள் நடை என்றுதான் வெட்டியிருக்கிறது. நானும் நடையால்தான் அளந்தேன்."

எல்லைக் கல் ராஜாவே நட்டது. "சரி, சொல்" என்றார்.

"மாதா கோயிலில் வாசலிலிருந்து பீடத்துக்கு முப்பது அடி. மீன்கூடையோடு நடந்தாலும் வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. கச்சேரி வாசலிலிருந்து மகாராஜாவின் ஆசனத்துக்கு ஒரு மீன்காரி எட்டு மாசமாக நடக்கிறாள். இன்னும் வந்து சேரவில்லை. மகாராஜாவின் நாடே மூன்று நாள் நடைதான். இவ்வளவு பெரிய கட்டடம் பூமியிலேயே கிடையாது."

ராஜா சொக்கேசனைப் பார்த்தார். சொக்கேசன் கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபுரம் தப்பியது. சவேரியம்மாவை அப்போதே அழைத்துவரச் சொன்னார். அவள் சொன்னதைக் கேட்டு, மதிலை இடிக்கும் வேலையைச் சொக்கேசனிடமே கொடுத்தார்.

"குழைக்காதா, உனக்கு என் வெள்ளைக் குதிரை பரிசு. நாளைக்குக் கச்சேரியில் போய் வாங்கிக்கொள்."

"அப்படியென்றால் என் பேரன் பெயருக்கு எழுதிவிடுங்கள் மகாராஜா."

"உனக்குக் கல்யாணமே ஆகவில்லையே?"

"இன்றைக்கே பெண் பார்க்கத் தொடங்கினால், குதிரை வெளியே வருவதற்கும் அவன் ஏறி உட்காருவதற்கும் சரியாக இருக்கும்."