மகரகேது ராஜாவின் சுவரில்லாக் கப்பல்

முன்னொரு காலத்தில், கடலோரத்து வெண்மணல் நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் தோன்றியது மாலைக்குள் நடந்தாக வேண்டும் அவனுக்கு. அவனைச் சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர் மாதிரி ஒரு மந்திரி இருந்தார், குணபாலர் என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் சபை குலுங்கும்.

அந்த நாட்டில் கப்பல் கட்டும் தச்சர்களுக்குத் தலைவன், ஓடாவி கொம்பையா. ஒரே அச்சாக மூன்று பெரிய கப்பல்களைக் கட்டி முடித்திருந்தான். ராஜா துறைக்குப் போய்ப் பார்த்தான், வாய்விட்டுப் புகழ்ந்தான். கூடப் போன பண்டகசாலை அதிகாரி வீரசிங்கருக்கு அந்தப் புகழ் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இவ்வளவு பெரிய கப்பல், உள்ளே பார்த்தால் எலிப்பொந்து மாதிரி அறை அறையாக இருக்கிறதே! இந்தச் சுவரெல்லாம் வீண் சுமை. எடுத்துவிட்டால் கப்பல் வயிற்றிலேயே ஒரு நாட்டிய மண்டபம் கிடைக்குமே!"

நாட்டிய மண்டபம் என்றதும் ராஜாவின் கண் விரிந்தது.

கொம்பையா பதறிப்போய்க் கும்பிட்டான். "சாமி, சரக்கைப் பிரிக்கிற பலகைத் தட்டிகள் இருக்கே, அதை எடுத்துக்கோங்க, பரவாயில்லை. ஆனா பஞ்சும் குங்கிலியமும் வெச்சு அடைச்ச இந்தக் குறுக்குச் சுவருங்களைத் தொடாதீங்க. ஒரு அறையில தண்ணி புகுந்தா அடுத்த அறைக்குப் போகாது. மூக்குக்குப் பின்னாடி நிக்குதே, அது பாறையில மோதி மூக்கு உடைஞ்சாலும் தண்ணியை அங்கேயே நிறுத்துற சுவர். சுக்கானுக்கு முன்னாடி ஒண்ணு. மண் பூசினது மடப்பள்ளிச் சுவர், தீ பரவாம நிறுத்தும். எல்லாம் அடியிலேர்ந்து மேல்தளம் வரைக்கும் ஏறி நிக்குது சாமி. பாதிச் சுவரு வெச்சா தண்ணி தாண்டிடும்."

ராஜா திரும்பினான். "நீர் என்ன சொல்கிறீர், மந்திரி?"

ஓடாவி சொல்வது சரி என்று குணபாலருக்குத் தெரிந்தது. ஆனால் ராஜாவின் முகம் மலர்ந்திருந்தது. நாக்கு நுனியில் ஒரு வேடிக்கையும் வந்து நின்றது.

"என்ன கொம்பையா, கப்பலுக்குள்ளே அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை செய்துகொண்டார்களா? இத்தனை சுவர் எழுப்பியிருக்கிறாய்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உத்தரவும் பிறந்துவிட்டது.

முதல் கப்பலில் ஒரு சுவர் விடாமல் பெயர்த்தெடுத்தார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதற்குக் கை வைக்குமுன் முதல் கப்பலை வெள்ளோட்டம் விட்டார்கள். அதற்குத் தலைமை மாலுமி திருமேனி. அவன் குணபாலரின் ஒரே மகள் மங்களவல்லிக்கு வாய்த்த கணவன்.

துறையிலிருந்து ஒரு காத தூரத்தில் கப்பல் பாறையில் மோதியது. மூக்கில் ஒரு முழ ஓட்டைதான். ஆனால் உள்ளே வந்த தண்ணீரை நிறுத்த ஒன்றும் இல்லை. மூக்கிலிருந்து சுக்கான் வரை ஒரே ஓட்டமாக ஓடியது. போன அறுபது பேரில் ஏழு பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். திருமேனி வரவில்லை.

மங்களவல்லி அழவில்லை. அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். குணபாலர் கண்ணை மூடினால் துறையில் எல்லாரும் சிரித்த சத்தம் காதில் விழுந்தது.

ராஜாவுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீரசிங்கர் முந்திக்கொண்டார். "மூக்கு மரம் உளுத்தது, மகாராஜா! மூன்று கப்பலுக்கும் அதே உளுத்த மரம்தான் போட்டிருக்கிறான் அந்தப் பாவி!"

"மூன்றாம் நாள் கொம்பையாவை யானைக் காலால் இடறச் செய்யுங்கள்!" என்றான் ராஜா.

மூன்றாம் நாள் சபையில் குணபாலர் எழுந்தார். வழக்கம்போல ஏதோ வேடிக்கை வரப்போகிறதென்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மகாராஜா, தண்டனை இருக்கட்டும். அதற்குமுன் இறந்தவர்களுக்குத் தங்கள் சார்பில் அந்தப் பாறையில் மலர் தூவ வேண்டும். அதற்கு வீரசிங்கரைவிடத் தகுந்தவர் யார்?"

"நல்ல யோசனை!" என்றான் ராஜா. வீரசிங்கர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"துறையில் இரண்டு கப்பல் நிற்கிறது. ஒன்று சுவரெடுத்தது, மற்றது சுவரோடு இருப்பது. எதில் போகிறீர், வீரசிங்கரே?"

வீரசிங்கரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. "எதற்குக் கப்பல்? படகு போதுமே..."

"ராஜ காரியத்துக்குப் படகா? இரண்டுக்கும் மூக்கு மரம் உளுத்தது என்று நீரே சொன்னீர். உடைந்தால் இரண்டும் உடையும். எதில் ஏறுவீர்?"

"சொல்லும்!" என்று ராஜா உறுமினான்.

"சுவர்... சுவர் உள்ளதில்."

"ஏன்? வீண் சுமை என்றீரே?"

"மூக்கு உடைந்தாலும் தண்ணீர் அந்த அறையோடு..." என்று தொடங்கியவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மகரகேது உடனே வீரசிங்கரின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். கப்பல் பட்டறையில் குங்கிலியம் காய்ச்சுகிற வேலைக்கு அவரை அனுப்பினான். கொம்பையாவின் விலங்கு தெறித்தது. இனி இந்தத் துறையில் சுவரில்லாமல் ஒரு கப்பலும் மிதக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குணபாலருக்குப் போர்த்தினான்.

"உம்முடைய புத்திக்கு ஈடே இல்லை, மந்திரி!"

குணபாலர் கும்பிட்டார். வாயிலில் கொம்பையா நின்றிருந்தான். நன்றி சொல்லவில்லை. "அன்னிக்கும் இதே வாய்தானே சாமி உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தான்.

குணபாலர் வீட்டுக்குள் நுழையுமுன்பே சேதி நுழைந்திருந்தது. மங்களவல்லி கூடத்தில் நின்றாள். கப்பல் மூழ்கிய பிறகு இப்போதுதான் அவள் குரல் கேட்டது.

"அப்பா, ஓடாவி கையெடுத்துக் கும்பிட்டப்போ, சுவரை எடுக்காதீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராஜா கேட்டிருப்பாரா?"

"கேட்டிருப்பார் அம்மா."

"பின்னே ஏன் சொல்லலை?"

குணபாலர் சால்வையை மெல்லக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவர் சிரிக்கிறதுக்குத் தயாரா இருந்தார் அம்மா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."