ஒரு கையில் கூழ், ஒரு கையில் கழி

"நான் பொய் சொல்லலை. அப்புறம் ஏன் என்னை நம்ப மாட்டேங்கிறாங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான் அழிசி.

கொற்றி கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு?"

"அக்கரைக்காரங்க. வேற யாரு?"

அழிசி தூதன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் அரசன், அந்தப் பக்கம் ஓர் அரசன். சண்டை நடுவில் ஓடுகிற தண்ணீருக்கு. இக்கரையின் வார்த்தையை அக்கரைக்குக் கொண்டுபோவது அவன் வேலை. அந்த வார்த்தைக்குப் பிணையாகத் தூதன் தன் பிள்ளையை அக்கரையில் விட வேண்டும். அப்படி ஒரு வழக்கம். எவன் கண்டுபிடித்தானோ.

அவன் மகள் வெண்ணி அங்கேதான் இருந்தாள். பால்பல் விழுகிற வயசு.

விடிந்ததும் தன் சிவப்புப் பாவாடையை அவள் கோட்டைச் சுவரில் தொங்கவிடுவாள். இருட்டினால் எடுப்பாள். பாவாடை தொங்கினால் பிள்ளை பத்திரம். பகலில் அது இறங்கினால் பிணை முறிந்தது, போர் வந்தது. பிள்ளையை என்ன செய்வார்கள் என்று இரண்டு கரையிலும் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"நாளைக்குக் கடைசிப் பேச்சு, ஆசானே. தண்ணியைப் பங்கு போட்டுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. அது முடிஞ்சா வெண்ணியை என்கூடவே அனுப்பிடுவாங்க. ஆனா நான் வாயைத் திறந்தா என் மூஞ்சியைப் பார்க்கிறதில்லை. என் தோளுக்கு மேல இந்தக் கரையைத்தான் பார்க்கிறாங்க."

"இந்தக் கரையில என்ன இருக்கு?"

"நம்ம படை. தூசி."

கொற்றி எழுந்தாள். வலது கையில் கூழ்ச் சட்டியை நீட்டினாள். இடது கையில் ஒரு கழியை எடுத்து ஓங்கினாள்.

"குடி."

அழிசி கையை நீட்டினான். கண் கழிமேல் இருந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"குடிடா."

"கழியை ஓங்கிக்கிட்டு நின்னா எப்படிக் குடிக்கிறது?"

"உன்னை அடிக்கவா ஓங்கினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கூழ் கொடுக்கிறேனே, அது தெரியலையா?"

"கழியைக் கீழ போடுங்க. குடிக்கிறேன்."

போட்டாள். அவன் சட்டியை வாங்கினான்.

மதில்மேல் இருந்த குரங்கு ஒரே தாவு. சட்டி அவன் கையிலிருந்து உருண்டது. குரங்கு மறுபடி மதிலில் போய் உட்கார்ந்து விரலை நக்கியது.

"கழி அதுக்கு," என்றாள் கொற்றி.

அழிசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"யாரு சொல்லணும்?"

அவன் குனிந்து காலிச் சட்டியை எடுத்து வைத்தான்.

"நீ அக்கரையில என்ன பேசினேன்னு மள்ளனுக்குத் தெரியுமா?"

மள்ளன் படைத்தலைவன். அழிசியின் மனைவிக்கு அண்ணன். வெண்ணிக்குத் தாய்மாமன். முன்பு அழிசியும் அவனும் கொற்றியிடம் ஒரே முற்றத்தில்தான் படித்தார்கள். காலையில் பேச்சு, மாலையில் வேல். புது அரசன் வந்தான். நாக்கும் வேலும் கூடினால் தன் அரியணை ஆடும் என்று பயந்தான். முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினான். கொற்றியை ஆற்றங்கரையில் இந்த இடிந்த காவல்கூண்டுக்குத் துரத்தினான். தூதனும் படைத்தலைவனும் ஒரு வார்த்தை பேசினாலும் தலை போகும். போர் முரசு கொட்டும்வரை அதுதான் சட்டம். கொட்டிவிட்டால் தூதனுக்கு ஏது வேலை? அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்தா அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுறான், நான் கதவைப் பார்த்துச் சாப்பிடுறேன். ஒரு நாள் குழம்புல உப்பு இல்லைன்னு நான் பூனைகிட்ட சொன்னேன். அவனும் பூனைகிட்ட ஆமான்னான்."

"பூனையைத் தூது அனுப்பியிருக்கலாம்."

அழிசி சிரிக்கவில்லை.

"நேத்து அக்கரையில என்ன சத்தியம் பண்ணின?"

"பேச்சு முடியிறவரை ஒரு படகுகூடத் தண்ணியில இறங்காதுன்னு."

"மள்ளனுக்கு என்ன உத்தரவு?"

"அது எனக்கு..."

அவன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். திரும்பி ஓடினான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது.

துறையில் படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீரில்.

"மச்சான்! படகை ஏத்து!"

பக்கத்தில் நின்ற வீரர்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காதில் விழாத மாதிரி. மள்ளன் வெளிறிப்போனான்.

"பேசிட்டியேடா பாவி. தலை போகும்."

"போகட்டும். ஏன் இறக்கின?"

"உனக்காகத்தான்டா! நாளைக்கு நீ பேசுறப்ப உன் பேச்சுக்கு ஒரு கனம் வேண்டாமா? குழந்தையை மறுபேச்சு பேசாம கொடுக்கணும்ல? பாரு, ஒருத்தன் காலும் நனையலை. ஆத்தைத் தாண்டாதேன்னு உத்தரவு. தாண்டலை."

"படகே இறங்காதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மச்சான்."

மள்ளன் படகுகளைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு யாரு சொன்னா?"

அழிசி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தான். மள்ளனும் பாய்ந்தான். பிறகு எல்லாரும். தோளும் தோளும் இடிக்க ஒவ்வொரு படகாக மணலுக்கு இழுத்தார்கள். கடைசிப் படகும் ஏறியது.

அழிசி நிமிர்ந்து பார்த்தான்.

வெயில் இன்னும் இருந்தது. அக்கரைச் சுவர் வெறுமையாக இருந்தது.

"காத்துல விழுந்திருக்கும்," என்றான் மள்ளன்.

அவன் பின்னால் பாசறை அடுப்புப் புகை கம்பு நட்ட மாதிரி நேராக மேலே போனது.

"விழுந்துதான்டா இருக்கும். கேளு மச்சான், நீ இப்பவே போ. நான் மொத்தப் படையையும் அவங்க கண்ணெதிர்ல குன்றுக்குப் பின்னால இழுத்துக்கிறேன். நான் இழுக்கிறதை நீ காட்டு. காட்டிச் சொல்லு..."

"சொல்றேன். நான் கைகாட்டினதும் கொடியை இறக்கு. அவங்க அதைப் பார்த்தா..."

"இறக்குறேன். நீ என்ன சொல்றியோ அதையே செய்றேன். வேற என்ன? சொல்லுடா, வேற என்ன?"

அரண்மனைப் பக்கம் போர் முரசு அதிர்ந்தது.

இருவரும் நனைந்த உடம்போடு அப்படியே நின்றார்கள். கொற்றி மணலில் நடந்து வந்தாள். ஒரு கையில் காலிச் சட்டி, ஒரு கையில் கழி. அக்கரைச் சுவரை ஒருமுறை பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "இனி பேசலாம்."