எறும்புகளுக்கு வழிவிட்ட மரங்கொத்தி

ஓடைக்கரை வேங்கை மரத்தில் ஒரு மரங்கொத்தி வாழ்ந்து வந்தது. அதன் பெயர் கொண்டையன். அதன் மனைவி செவ்வந்தி.

மரத்தில் பொந்து குடைவதுதான் கொண்டையனின் தொழில். கிளியும் மைனாவும் ஆந்தையும் பொந்தில் குடியிருக்கும். ஆனால் அவற்றுக்குக் குடையத் தெரியாது. கொண்டையன் குடைந்து கொடுக்கும். பதிலுக்கு அவை பழமோ புழுவோ கொண்டுவரும்.

அலகால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். மரம் உள்ளே எங்கே உளுத்திருக்கிறது, எங்கே வைரம் பாய்ந்திருக்கிறது என்று கொண்டையன் சொல்லிவிடும். அது வெட்டிய வாசல் வழியே மழை உள்ளே இறங்குவது அரிது.

அப்படியிருந்தும் அந்த வருஷம் அதைத் தேடி யாருமே வரவில்லை!

அந்தக் காட்டில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் கட்டெறும்புகளிடம்தான் கேட்பார்கள். ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று, "பழுத்த அத்தி எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் போதும். கேள்வி எறும்புக்கு எறும்பு தாவிப் போகும். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிடும். ஆனால், "நல்ல பொந்து எங்கே கிடைக்கும்?" என்று கேட்டவர்களுக்கு எறும்புகள் கொண்டையனின் பெயரைச் சொல்லவே இல்லை. பறவைகள் கண்ட ஓட்டையில் முட்டையிட்டன. போன மழையில் பாதி முட்டைகள் நனைந்து கெட்டுப்போயின.

"இப்படியே போனால் நாம் வேறு காடு பார்க்க வேண்டியதுதான்," என்றது செவ்வந்தி.

அந்தச் சமயத்தில்தான் கரிச்சான் குருவி வந்து சேர்ந்தது. அது எந்தப் பறவையின் குரலிலும் பேசும்.

"அண்ணே! உங்கள் கைவேலை யாருக்குத் தெரிகிறது? என்னிடம் விடுங்கள். நாற்பது குரலில் உங்களைப் புகழ்கிறேன்! பொந்து மட்டும் என்று சொல்லாதீர்கள். கூடு, குகை, வளை எல்லாம் செய்வேன் என்று சொல்லுங்கள். யார் எதைத் தேடினாலும் உங்கள் பெயர்தான் வர வேண்டும்!"

"எனக்குக் குகை தோண்டத் தெரியாதே!"

"முதலில் ஆள் வரட்டும் அண்ணே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்!"

செவ்வந்தி தலையை ஆட்டி வேண்டாம் என்றது. கொண்டையனோ ஒப்புக்கொண்டது.

மறுநாள் காடு முழுக்கக் குரல்கள். "என் பொந்து கொண்டையன் போட்டது! அருமை!" என்றது ஒரு கிளிக்குரல். "என் வளையும் அவர் வேலைதான்!" என்றது ஒரு மீன்கொத்திக் குரல். எல்லாம் கரிச்சான்தான்!

வேங்கை மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. கரடி வந்து, "எனக்குக் குகை வேண்டும்," என்றது. மீன்கொத்தி வந்து, "மண்கரையில் வளை வேண்டும்," என்றது. கொண்டையன் விழித்தது.

"அது... எனக்கு வராது."

"வராததை ஏன் சொன்னாய்? மலையிறங்கி வந்திருக்கிறேன்!" என்று கரடி உறுமிவிட்டுப் போனது.

கடைசியாக ஒரு கிளி வந்தது. அதன் கண்கள் சிவந்திருந்தன.

"உன் பொந்து அருமை என்று நான் சொன்னேனாம். எப்போது சொன்னேன்? உன்னை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என் குரலை எடுத்துப் பொய் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது?"

கொண்டையன் கரிச்சானைத் தேடிப் பார்த்தது. அது அப்போதே பறந்துபோயிருந்தது. அதன்பிறகு வேங்கை மரத்துப் பக்கம் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நாலு பேரிடம் கத்தியதை விட்டுவிட்டு, அந்த எறும்புகளையே கேட்டால் என்ன?" என்றது செவ்வந்தி.

கொண்டையன் தரையில் இறங்கியது. ஓர் எறும்புச் சாரையைப் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகவே நடந்தது. சாரை ஓடையைத் தாண்டியது. மூங்கில் புதரைத் தாண்டியது. பாறை மேல் ஏறியது. கொண்டையனும் ஏறி நின்று பார்த்தது.

அப்படியே மலைத்துப் போய்விட்டது!

உச்சிவெயிலில் காடு முழுவதும் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடின. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோடு. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கிளைக்கோடு. எந்த இலையையும் விடாமல் எறும்புகள் தொட்டுப் பார்த்தன. எதிரெதிரே வந்த இரண்டு எறும்புகள் மீசையோடு மீசை உரசின. ஒன்று கண்டது மற்றதற்குத் தெரிந்துவிட்டது. கோடுகள் அடுத்த மலைக்கும், அதற்கடுத்த மலைக்கும் போய்க்கொண்டே இருந்தன. இவ்வளவு சின்னக் கால்கள் இவ்வளவு பெரிய காட்டையும் தெரிந்து வைத்திருக்கின்றனவே! கொண்டையனின் உடம்பு சிலிர்த்தது.

"எறும்பாரே! காட்டில் எல்லாவற்றையும் அறிந்தவர்கள் நீங்கள். என்னை மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று மெல்லக் கேட்டது.

ஒரு கட்டெறும்பு நின்றது. "எப்படித் தெரியும்? வேங்கை மரத்தைச் சுற்றிப் பிசின் பூசி வைத்திருக்கிறாய். கால் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. தப்பி ஏறியவர்களை நீயே தின்றுவிடுகிறாய்!"

கொண்டையன் தலை குனிந்தது. அது உண்மைதான்; பொந்துக்குள் எறும்புகள் புகாமலிருக்கப் பிசின் பூசியிருந்தது. எறும்பு தின்பது என்றாலும் அதற்கு உயிர்.

"கரிச்சான் அத்தனை குரலில் சொன்னதே, அதையாவது கேட்டீர்களா?"

"கேட்டோம். அதை நம்பி வந்தவர்கள் முகம் வாடித் திரும்பியதையும் பார்த்தோம். யார் எவ்வளவு கத்துகிறார்கள் என்பது எங்களுக்கு எதற்கு? ஒருவர் தேடியது அங்கே கிடைத்ததா, இல்லையா? அதுதான் எங்களுக்கு வேண்டும்."

கொண்டையன் இறக்கையை மடக்கி எறும்பின் அருகே உட்கார்ந்தது. பிறகு, "இனி ஒரு கட்டெறும்பைக்கூடத் தொட மாட்டேன். என் வீட்டுக்கு வாருங்கள்," என்றது.

அன்றே பிசினைச் சுரண்டி எடுத்தது. நாவில் எச்சில் ஊற, எறும்புகள் தன்னைத் தாண்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. எறும்புகள் பொந்தின் வாசலைத் தொட்டன, சரிவைத் தொட்டன, உள்ளே காய்ந்து கிடந்த தரையைத் தொட்டன.

பிறகு கொண்டையன் கிளியிடம் போய் மன்னிப்புக் கேட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரே கிளையில் அமர்ந்து ஒரே வார்த்தையைச் சொன்னது: "மழை இறங்காத மரப்பொந்து! ஓடைக்கரை வேங்கை மரம்!" அவ்வளவுதான். தன் வேலை என்று தெரிய, தான் குடைந்த பொந்துகளின் கீழே எல்லாம் ஒரே மாதிரி மூன்று புள்ளி கொத்தி வைத்தது.

எறும்புகளிடம் கேட்ட பறவைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆறு வீடுகள் அமைந்தன. மழை விட்டதும் கொண்டையன் ஒவ்வொரு வீடாகப் போய், "ஒழுகியதா?" என்று கேட்டது.

"என் வீடு ஒழுகுகிறது!" என்று ஒரு மைனா எல்லோர் முன்னாலும் கத்தியது.

"மன்னித்துவிடு, இப்போதே பார்க்கிறேன்," என்று கொண்டையன் அங்கேயே உட்கார்ந்து வாசலைச் சரிசெய்து கொடுத்தது. அடுத்த மழையில் மைனாவின் குஞ்சுகள் கதகதப்பாகத் தூங்கின. மைனா போன இடமெல்லாம் அதைத்தான் சொன்னது. பேசியது மைனாவேதான், வேறு யாரும் இல்லை.

தை மாதத்தில் ஒருநாள், காற்றே இல்லாத நேரத்தில் பெரும் இரைச்சல் கேட்டது. வானம் கிழிவதுபோல இருந்தது. குரங்குகள் ஒடுங்கின. பெரிய அலகுடைய இருவாச்சிப் பறவைகள் இரண்டு வேங்கை மரத்தில் வந்து இறங்கின. ஒவ்வொரு சிறகும் ஒரு வாழை இலை அளவு! அந்தச் சிறகடிப்புதான் அந்த இரைச்சல். கிளை வளைந்து ஆடியது.

"தச்சரே! நாங்கள் இருந்த மரம் காற்றில் விழுந்துவிட்டது. இவள் முட்டையிடும் காலம். பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டால் குஞ்சு வளரும்வரை வெளியே வர மாட்டாள். தப்பான மரமாக இருந்தால் என் குடும்பமே போய்விடும்!" என்றது ஆண் இருவாச்சி.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

"ஆறு மலைகளுக்கு அப்பால். அங்கே எறும்புகளிடம் கேட்டோம். உங்கள் பெயரைச் சொன்னார்கள்."

 அவ்வளவு தூரத்து மலைகளைக் கொண்டையன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

மூன்று நாள் மரம் மரமாகத் தட்டியது. நான்காம் நாள் உயர்ந்த காட்டுமா ஒன்று உள்ளே அகலமாக ஒலித்தது. சுற்றுச்சுவர் கெட்டி, நடுவில் வெறுமை. கொண்டையனும் செவ்வந்தியும் மாறி மாறிக் கொத்தின. பதினோராம் நாள் வாசல் திறந்தது. பெண் இருவாச்சி உள்ளே போனது. சேறும் பழச்சக்கையும் குழைத்து, அலகு நுழையும் கீற்று ஒன்றை மட்டும் விட்டு, வாசலை அடைத்துக்கொண்டது.

சித்திரை முடியும்வரை ஆண் இருவாச்சி பழம் கொண்டுவந்து ஊட்டியது. கோடைமழை இரண்டு முறை கொட்டியது. கொண்டையன் ஒவ்வொரு முறையும் மரத்தடிக்கு ஓடியது. கீற்றின் உள்ளிருந்து, "காய்ந்துதான் இருக்கிறது!" என்ற குரல் வந்தது.

வைகாசியில் அடைப்பு உடைந்தது. தாய்க்குப் பின்னால் ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. காடே கூடி நின்றது. குஞ்சு ஒருமுறை தடுமாறியது. பிறகு சிறகை விரித்தது. அந்த இரைச்சல் பள்ளத்தாக்கை நிறைத்தது. மூன்று இருவாச்சிகளும் மலைகளை நோக்கிப் போவதைக் கொண்டையனும் செவ்வந்தியும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தன.

தன்னைத் தேடுபவருக்கு வழியைத் திறந்து வைத்து, செய்வதை மட்டும் சொல்லி, சொன்னதைச் செய்பவரின் பெயர், அவர் கால்படாத இடத்துக்கும் போய்ச் சேரும்.