கடலைக் குழம்புல ஒரு கசப்பு

திருப்பூர்ல சென்னியப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. குமாசி மாஸ்டர்னு சொன்னா ஆட்டோக்காரரே வீட்டு வாசல்ல இறக்கி விட்டுருவாரு. ஆப்பிரிக்காவுல, கானா நாட்டுல, குமாசிங்கற ஊர்ல ஒரு நூல்மில்லு மெஸ்ஸுல பாதி ஆயுசு சமைச்ச மனுசன். அந்த ஊர் நிலக்கடலைக் கறிக்குழம்பை அவர் வச்சா, அந்த ஊர்க்காரங்களே ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிடுவாங்களாம்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யன். பேரு ஒடுரோ. இதுல கூத்து என்னன்னா, ஒடுரோவுக்குச் சொந்த ஊரே குமாசிதான். பனியன் வாங்கி அனுப்பற வியாபாரமா வந்து, இங்கயே தங்கி, ஏனுங்கன்னு இழுத்துப் பேசற அளவுக்கு ஊறிப்போன ஆளு. குருவுக்கும் சிஷ்யனுக்கும் முட்டிவலி ஒரே வருஷத்துலதான் வந்துச்சு.

"அவங்க ஊர்க் குழம்பை அவருக்கே சொல்லிக் குடுக்கறதுக்கு நம்மூர் ஆளு"ன்னு மாஸ்டர் சம்சாரம் ராசாத்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

ஒடுரோவுக்கு அது சிரிப்பு இல்ல. அம்மா போய் நாளையோட ஒரு வருஷம். அடக்கத்துக்குப் போக முடியல. வருஷத்துக்கும் போக முடியல. குமாசியில அண்ணனுங்க ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுறாங்க. இவரு இங்க, அம்மா வச்ச மாதிரியே ஒரு சட்டி குழம்பு வச்சு, அம்மா படத்துக்கு முன்னால உக்கார்ந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம். சின்ன வயசுல அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்ல. அதுக்குத்தான் மாஸ்டர்.

மாஸ்டரோட பாடம் ஒண்ணே ஒண்ணு. "கடலை விழுது சட்டிக்குள்ள விழுந்தாச்சுன்னா கரண்டிய விடக்கூடாது. கரண்டிய விட்டா குழம்பு போச்சு." அவர் ஆயுசுல ஒரு சட்டி அடிப்பிடிச்சதில்ல. அதுல அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அன்னிக்குச் சாயங்காலம் மாஸ்டர் வீட்டு அடுப்படியில கடைசி ஒத்திகை. ஒடுரோ வெள்ளாட்டுக் கறிய இஞ்சி வெங்காயத்தோட வேக வச்சாரு. தக்காளியும் மிளகாயும் அரைச்சு ஊத்தினாரு. கடலை விழுதைக் கரைச்சு விட்டு, கை ஓயாம கிளறினாரு. எண்ணெய் பிரிஞ்சு மேல வந்துச்சு. ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கினாரு.

"எப்படி?"ன்னாரு மாஸ்டர்.

"நல்லா இருக்குதுங்க."

"அப்புறம் மொகம் ஏன் தொங்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்கம்மாது இல்லைங்க."

"என்னதான் கொறையுது?"

"எத்தன தடவ சொல்றது மாஸ்டர். முழுங்கினப்புறம் அடிநாக்குல ஒரு கசப்பு நிக்கும். புகை மாதிரி. அது இல்ல."

அந்தக் கசப்புக்காக ரெண்டு பேரும் பண்ணாத கூத்து இல்ல. வெந்தயத்தை வறுத்துப் போட்டாங்க. கத்தரிக்காயைச் சுட்டுப் போட்டாங்க. ஒரு தடவ சிரட்டைக் கரிய உள்ள இறக்கிப் பார்த்தாங்க. அன்னிக்கு வச்ச குழம்பைத் தெரு நாய் மோந்து பார்த்து, கொஞ்சம் யோசிச்சுட்டுப் போயிருச்சு.

"உங்கண்ணன்கிட்டக் கேட்கச் சொன்னேனே?"

"கேட்டேங்க. 'அம்மா குழம்புல கசப்பா? உனக்குக் கிறுக்கா?'ங்கறான். எல்லா அண்ணனும் அதையேதான் சொல்றாங்க. வீட்டுலயே எனக்கு மட்டும் கசந்திருக்குது."

மாஸ்டர் தாடையச் சொறிஞ்சாரு. "எல்லாரும் ஒண்ணா உக்கார்ந்துதானே சாப்பிடுவீங்க?"

"அவங்க வெளிச்சம் இருக்கறப்பவே சாப்பிட்டுருவாங்க. நான்தான் கடைசி. ஸ்கூல் விட்டா நேரா பந்து விளையாடப் போயிருவேன். பந்து கண்ணுக்குத் தெரியாமப் போனாத்தான் வீட்டு ஞாபகமே வரும்."

"அடி விழுமா?"

"அடி இல்லைங்க, காதுதான். வாசப்படியில கால வைக்கறதுக்குள்ள காது அம்மா கையில இருக்கும்." ஒடுரோ தன்னை அறியாம வலது காதைத் தொட்டுப் பார்த்தாரு. "திருகிட்டு உள்ள கூட்டிட்டுப் போயி சோத்தைப் போடும். எந்நேரம் போனாலும் குழம்பு சூடா இருக்கும்."

மாஸ்டர் எந்திரிச்சு அடுப்பைச் சின்னதா வச்சாரு.

"ரசத்துக்குக் கொத்தமல்லி வாங்கப் போன ராசாத்திய இன்னும் காணோம். வாசல்ல நின்னு பாரு, வர்றாளான்னு."

"குழம்பு?"

"நான் இருக்கறேன்ல."

"கரண்டி..."

"கரண்டியப் பத்தி எனக்குச் சொல்றியா நீ? போ. அவ வர்ற வரைக்கும் உள்ள வராதே."

ஒடுரோ வாசல்ல போய் நின்னாரு. பனியன் கம்பெனி விட்டு ஆளுக கும்பலா வந்துட்டிருந்தாங்க. தெருமுக்குல ஒரு சேலை தெரிஞ்சா ராசாத்தி மாதிரி இருந்துச்சு. கிட்ட வந்தா வேற ஆளு. மறுபடி ஒண்ணு. அதுவும் வேற ஆளு. தெருவிளக்கு எரிய ஆரம்பிச்சுது. கொத்தமல்லி வாங்க இவ்வளவு நேரமா? ஏதாச்சும் வண்டி கிண்டி இடிச்சிருக்குமோன்னு மனசு எங்கெங்கயோ போச்சு. படிய விட்டு இறங்கி, தெருவுல நின்னு, எக்கி எக்கிப் பார்த்தாரு. உள்ள ஒரு குழம்பு கொதிக்குதுங்கறதே அவருக்கு மறந்துபோச்சு.

ஒருவழியா ராசாத்தி வந்தாங்க. "என்னங்ண்ணா, இப்படி முழிச்சிட்டு நிக்கறீங்க? நான் என்ன காசிக்கா போனேன்?"

அடுத்த நிமிஷம் மூக்கைச் சுருக்கினாங்க. "என்ன தீயற வாசம்?"

ரெண்டு பேரும் உள்ள ஓடினாங்க. மாஸ்டர் அடுப்புக்குப் பக்கத்துலயே ஸ்டூல்ல உக்கார்ந்திருந்தாரு. கரண்டி அவர் மடியில இருந்துச்சு.

"அட மனுசா, அடிப்பிடிச்சிருச்சே!" ராசாத்தி அடுப்பை அணைச்சாங்க. "உங்க கையில சட்டி தீஞ்சு நான் பார்த்ததே இல்லையே!"

"நானும்தான் பார்த்ததில்ல"ன்னாரு மாஸ்டர்.

ஒடுரோவுக்குக் கோவத்துல கண்ணு கலங்கிருச்சு. "நாளைக்கு வருஷம்னு தெரிஞ்சும் பக்கத்துலயே உக்கார்ந்து தீய விட்டுட்டீங்களே மாஸ்டர்!"

"ராகிக் களி இருக்குது. போட்டுச் சாப்பிடு."

"இந்தத் தீஞ்சதையா?"

"சாப்பிட்டுட்டுத் திட்டு."

ஒடுரோ வேண்டா வெறுப்பா ஒரு துண்டு களியக் கிள்ளி, குழம்புல தோய்ச்சு முழுங்கினாரு. தட்டுல வச்ச கை அப்படியே நின்னுபோச்சு.

"என்னாச்சுங்ண்ணா?"ன்னாங்க ராசாத்தி.

"இதுதான்..."ன்னாரு ஒடுரோ. இன்னொரு துண்டு எடுத்தாரு. அதையும் முழுங்கிட்டு, வாயை மூடிட்டு, ரொம்ப நேரம் அந்தக் கசப்பைப் பிடிச்சு வச்சிருந்தாரு.

அப்புறம் மெதுவாக் கேட்டாரு. "அப்ப எங்கம்மாவுக்குச் சமைக்கத் தெரியாதா மாஸ்டர்?"

"தெரியாமயா உங்கண்ணனுங்களுக்குக் கசக்கல?"

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன் தீஞ்சுது? சட்டிய அடுப்புல வச்சுட்டு அம்மா எங்க போச்சு?"

மாஸ்டர் மடியில இருந்த கரண்டிய எடுத்து ஒடுரோ கையில குடுத்தாரு.

"உன் காதைத் திருகுனது எங்க வச்சுப்பா? அடுப்படியிலயா, வாசல்லயா?"