மேற்கே உதித்த சூரியன்

நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கிளாடிஸ் டிக்கெட் போடும் வேலை பார்த்தாள். வருஷா வருஷம் சுற்றுலாவுக்கு நூறு பிள்ளைகளை அனுப்பும் பள்ளித் தாளாளர் தவராஜன் ஒருநாள் அங்கே வந்தார்.

"நானும் சம்சாரமும் மும்பைக்குப் போறோம். எனக்கு ஜன்னலோர இடம் வேணும். வெயில் படக்கூடாது, வழி நெடுகக் கடல் தெரியணும். முடியலேன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

முதலாளிக்கு வியர்த்தது. கிளாடிஸ் திருவனந்தபுரத்திலிருந்து காலை ஏழு மணி விமானத்தில், இறக்கை மறைக்காத வரிசையில், இடப்பக்க ஜன்னலைப் போட்டுக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் தவராஜன் மனைவியோடு வந்து நின்று கத்தினார். "ஏறினதுலேருந்து மூஞ்சியில வெயில்! கடலை ஒரு பொட்டுகூடக் காணல! இந்தப் பிள்ளையை முதல்ல வேலையை விட்டு அனுப்புங்க!"

முதலாளி கிளாடிஸைத் திரும்பிப் பார்த்தார். கிளாடிஸ் பணிவாகக் கேட்டாள்: "சார் இடம் மாறி உட்காரலையே?"

"நானா? நீ கொடுத்த இடத்தைவிட்டு அசையவே இல்ல!"

"விமானம் வடக்கே போகுது. சார் ஜன்னல் மேற்கே பார்த்தது. அப்போ அன்னைக்குச் சூரியன் மேற்கே உதிச்சிருக்கணும். அரபிக்கடலும் கிழக்கே நகர்ந்து போயிருக்கணும். மத்தவங்க யாரும் கவனிக்கல போல, சார்."

தவராஜனின் மனைவி சிரித்துவிட்டாள்.

"ஏறினதும் ஜன்னலை மூடிட்டு மும்பை வரைக்கும் குறட்டை விட்டாரு. அடுத்த தடவை அந்த இடத்தை எனக்குப் போடு பிள்ளே."