மரங்கொத்தி காலேஜில் படிச்ச பெருச்சாளி

காட்டுல மரங்கொத்திக்கு அப்படியொரு கிராக்கி! யாருக்குப் பொந்து வேணும்னாலும் அதுகிட்டதான் வரணும். வருமானம் கொட்டுச்சு. அந்தத் தெம்புல மரங்கொத்தி ஒரு காலேஜே ஆரம்பிச்சிடுச்சு.

அவ்வளவுதான்! வாத்து, ஆமை, முயல்னு எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் மரம் கொத்தப் படிக்கக் கிளம்பிடுச்சுங்க. பெருச்சாளிப் பையன் சிங்காரமும் போனான். ஃபீஸுக்காக அவன் அப்பா, குடியிருந்த வளையையே முள்ளம்பன்றிக்கு வித்துட்டார்.

"கவலைப்படாதடி! பையன் பட்டம் வாங்கட்டும், ஆலமரத்துல மாடி வீடு!"ன்னு அம்மாகிட்ட அளந்தார்.

மூக்கு வீங்க வீங்கக் கொத்தி, சிங்காரம் பட்டம் வாங்கிட்டான். நேரா ஆந்தைகிட்ட போனான்.

"ஐயா, பொந்து போட்டுத் தரட்டுமா? நான் பட்டதாரி!"

"கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாரு தம்பி!"

பார்த்தான். வாத்து பட்டதாரி, ஆமை பட்டதாரி, முயல் பட்டதாரி... வரிசை ஓடை வரைக்கும் நின்னுச்சு.

"இனி ஒரு பொந்து போட்டா மரமே சாஞ்சிடும்பா!"ன்னுது ஆந்தை.

மழை பிடிச்சுக்கிச்சு. புதருக்கடியில குடும்பமே நனைஞ்சுது. தங்கச்சிக்குக் காய்ச்சல் வேற. சிங்காரத்துக்கு மனசு தாங்கல.

"அப்பா, நான் வளை தோண்டுறேன்!"

"சும்மா இருடா! பட்டதாரி மண்ணு தோண்டினா எவன் பொண்ணு கொடுப்பான்?"

"குளிர்ல விறைச்சுப் போனா மட்டும் கொடுப்பானா?"ன்னு அம்மா ஒரு போடு போட்டா. "நீ போடா ராசா!"

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

சிங்காரம் மேட்டுக்கு ஓடினான். எங்க தோண்டினாலும் தண்ணி ஊறுச்சு. அப்பதான் காலேஜ்ல படிச்ச பாடம் மண்டையில பொறி தட்டுச்சு. தட்டுற சத்தத்தை வச்சே மரத்துக்குள்ள ஈரமா, காஞ்சு கிடக்கான்னு கண்டுபிடிக்கணும். மண்ணுக்கும் அதானே! மூக்கால தட்டிக்கிட்டே போனான். சொத்... சொத்... சொத்... டொக்!

அங்கேயே நகத்தைப் போட்டான். பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் காஞ்ச வளைக்குள்ள கால் நீட்டிப் படுத்தாங்க.

மறுநாள் எலியும் கீரியும் வந்து நின்னுதுங்க. "தம்பி, எங்க இடத்தையும் தட்டிப் பார்த்துத் தோண்டிக் கொடேன்! கிழங்கு தர்றோம்!"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். "பார்த்தீங்களா? நான்தான் படிக்க வச்சேன்!"

"ஆமாமா, தோண்ட வச்சதும் நீங்கதான்!"ன்னா அம்மா.

பட்டம் மட்டும் சோறு போடாது. படிச்ச மூளையும் வெக்கப்படாத கையும் சேர்ந்தாத்தான் பொழப்பு நிக்கும்.